விவாகரத்து ஒரு சதவீதம்தானா?

கேள்வி இது: "குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு படம் போட்டார். போர்ச்சுகலில் 94 சதவீதம் விவாகரத்து, இந்தியாவில் ஒரே ஒரு சதவீதம், எல்லாம் நம் பண்பாட்டின் பெருமை என்று. இது உண்மையா? இந்தியாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டா?"

அந்தப் படம் எனக்கும் வந்தது, மூன்று தடவை. அதில் இரண்டு தடவை அனுப்பியவர்கள் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்தவர்கள். வகுத்தல் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கே இப்படி ஒரு வகுத்தலை அனுப்புகிறார்களே என்று கொஞ்சம் வருத்தம்தான். சரி, உங்கள் மாமா மேல் கோபமில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போர்ச்சுகலில் இருந்து தொடங்குவோம். அந்தப் படத்தைப் பார்க்கிறவர், நூறு ஜோடி கல்யாணம் செய்தால் 94 ஜோடி பிரிந்துவிடும் என்றுதான் புரிந்துகொள்வார். ஆனால் அந்த மாதிரி எண் பிறப்பது வேறு வழியில். ஓராண்டில் பதிவான விவாகரத்துகளை, அதே ஆண்டில் நடந்த கல்யாணங்களால் வகுக்கிறார்கள். 2019ல் அங்கே சுமார் 33,300 கல்யாணம், 20,400 விவாகரத்து. நூறு கல்யாணத்துக்கு 61. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. விருந்துக்கும் கூட்டத்துக்கும் தடை. கல்யாணம் 18,900ஆகச் சரிந்தது. விவாகரத்தும் குறைந்து 17,300க்கு வந்தது. இப்போது வகுத்துப் பாருங்கள்: 91.5. விவாகரத்து குறைந்த ஆண்டில் 'விவாகரத்து விகிதம்' எகிறிவிட்டது! 2020ல் கல்யாணம் செய்தவர்களுக்கும் அந்த ஆண்டு பிரிந்தவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரிந்தவர்களில் பாதிப்பேர் பத்து, இருபது ஆண்டுக்கு முன்னால் மோதிரம் மாற்றியவர்களாக இருப்பார்கள்.

இனி நம் ஊர் எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'விவாகரத்து ஆனவர்' என்று எழுதப்பட்டவர்கள் நாடு முழுக்க சுமார் 13.6 லட்சம் பேர். மணமானவர்களோடு ஒப்பிட்டால் 0.24 சதவீதம். ஒன்றுகூட இல்லை, கால்தான். ஆனால் இது ஒரு குறிப்பிட்ட தேதியில் எடுத்த தலைக்கணக்கு. அன்றைக்கு அந்த நிலையில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவ்வளவே. விவாகரத்தாகி மறுமணம் செய்தவர் மறுபடி 'மணமானவர்' பட்டியலுக்குப் போய்விடுவார். போர்ச்சுகல் எண் ஓராண்டில் நடந்ததைச் சொல்கிறது. நம் எண் ஒரு நாளின் கையிருப்பைச் சொல்கிறது. ஒருவருடைய மாதச் சம்பளத்தையும் இன்னொருவருடைய பேங்க் இருப்பையும் பக்கத்தில் வைத்து யார் பணக்காரர் என்று கேட்கிற மாதிரி. போதாததற்கு, இந்தியாவில் ஆண்டுதோறும் எத்தனை விவாகரத்து என்று எண்ணிச் சொல்லும் தேசியப் பதிவேடே கிடையாது. கோர்ட்டில் நடப்பது கோர்ட்டோடு, பஞ்சாயத்தில் நடப்பது பஞ்சாயத்தோடு.

அதே 2011 கணக்கெடுப்பில் இன்னொரு பெட்டி இருந்தது: 'பிரிந்து வாழ்பவர்'. 2001ல் இதையும் விவாகரத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். 2011ல் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிரித்துப் பார்த்தால், பிரிந்து வாழ்பவர்கள் 35 லட்சம். விவாகரத்து ஆனவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் நாட்டில் கல்யாணம் முறிந்தால் பெரும்பாலும் என்ன ஆகிறது என்பதற்கு அந்தப் பெட்டியில்தான் விடை.

அந்த 35 லட்சம்கூடக் குறைவு என்பது என் எண்ணம். காரணம் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் நானும் கணக்கெடுப்புக்குப் போனவன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர், பகல் பதினோரு மணி. திண்ணையில் ஒரு பெண் பூக் கட்டிக்கொண்டிருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். படிவத்தில் திருமண நிலை என்ற இடத்துக்கு வந்தேன். கேள்வி அவரிடம், பதில் உள்ளேயிருந்து அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது.

"கல்யாணமாயிருச்சு சார். மாப்பிள்ளை திருப்பூர்ல இருக்காரு."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "ஆமா சார், அவரு திருப்பூர்ல இருக்காரு, நான் இங்க இருக்கேன். பதினோரு வருசமாச்சு. என்ன எழுதணுமோ எழுதிக்கங்க" என்றார்.

அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "கல்யாணமானவன்னே எழுதுங்க சார். தாலி கழுத்துலதான் இருக்கு."

சொல்வதை எழுத வேண்டும், ஆதாரம் கேட்கக்கூடாது. அதுதான் எங்களுக்குச் சொன்னது. ஆனால் யார் சொல்வதை? நான் 'தற்போது திருமணமானவர்' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். உங்கள் மாமா போட்ட படத்தில் ஒழுங்காக வாழும் 99 சதவீதத்தில் அந்தப் பெண்ணும் ஒருவர். என் பகுதியில் மட்டும் இப்படி நாலைந்து வீடு. ஊரில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு, வாழாவெட்டி. அதை யார்தான் தன் வாயால் சொல்லி எழுதச் சொல்வார்கள்?

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு விவாகரத்து நடந்தால் ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேர்தானே கிடைக்க வேண்டும்? 2011ல் விவாகரத்து ஆனவர்களாக இருந்த பெண்கள், ஆண்களைப் போல இரண்டு மடங்கு. பிரிந்து வாழ்பவர்களிலும் அதே கதை: பெண்கள் 23 லட்சத்துக்கும் மேல், ஆண்கள் அதில் பாதி. மிச்ச ஆண்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வித்தியாசம் உண்டு, அதுவும் லேசுப்பட்ட வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கெடுப்பு எண்களை சூரஜ் ஜேக்கப், ஸ்ரீபர்ணா சட்டோபாத்யாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசி 2016ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன்படி முதலிடம் மிசோரம்: 4.08 சதவீதம். இரண்டாவது நாகாலாந்து: 0.88. முதலுக்கும் இரண்டுக்குமே நாலு மடங்குக்கு மேல் இடைவெளி. மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டிய பெரிய மாநிலங்களில் குஜராத் முன்னால் நிற்கிறது. உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் எல்லாம் அடிமட்டம். நகரத்தில் அதிகம், கிராமத்தில் குறைவு என்று நாம் நினைப்போம். விவாகரத்தையும் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மிசோரமைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம், ஏனென்றால் 'மதப்பற்று இருந்தால் குடும்பம் உடையாது' என்று சொல்பவர்களுக்கு அது ஒரு தலைவலி. அங்கே நூற்றில் 87 பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே தேவாலயத்தில் இருக்கும். ஆனால் கல்யாணமும் முறிவும் பெரும்பாலும் மிசோ வழக்கப்படி. மாப்பிள்ளை வீடு பெண்ணுக்குப் பரிசப்பணம் தர வேண்டும். கணவன் 'கா மாக் சே', அதாவது 'உன்னை விட்டுவிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லையென்றால் வாங்கிய பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம்; அதற்கு 'சும்ச்சுவா' என்று பெயர். வழி சுலபம், ஆனால் நியாயம் சமமாக இல்லை. கணவன் ஒரு வார்த்தை சொன்னால் பெண் தான் கொண்டுவந்த சாமானோடு கிளம்ப வேண்டியதுதான். 2014ல் அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்ட பிறகே, சேர்ந்து சம்பாதித்த சொத்தில் பாதிவரை மனைவி கேட்கலாம் என்று வந்தது.

மேகாலயாவில் காசி மக்களிடம் தாய்வழி மரபு. கணவன்தான் மனைவி வீட்டுக்கு வருகிறான். வீடும் குழந்தையும் அம்மா பக்கம். பழைய வழக்கத்தில் ஐந்து சோழிகளோ காசுகளோ கைமாறி, கடைசியில் தரையில் எறியப்படும். ஊர்த் தண்டோராக்காரர் தெருத்தெருவாக அறிவித்துவிடுவார். பிரிந்த பெண் எங்கும் போக வேண்டியதில்லை, ஏற்கெனவே தன் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஹரியானாவில் கதை தலைகீழ். சொந்த ஊரில் பெண் எடுக்கக்கூடாது, சொந்த கோத்திரத்தில் எடுக்கக்கூடாது. பெண் தூரத்து ஊருக்குப் போகிறாள். முக்காடு, மாமியார், அங்கே அவளுக்கு முன்பின் தெரிந்த ஒரு முகம் கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வருவது பிறந்த வீட்டுக்கு அவமானம். எங்கே போவாள்? விவாகரத்து குறைவாக இருப்பதை அங்கே குடும்ப ஒற்றுமை என்று எழுதுவதற்கு எனக்குக் கை வராது.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 'நம் பண்பாட்டில் விவாகரத்தே இல்லை' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அப்படியானால் 'அறுத்துக் கட்டுதல்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? தென் மாவட்டங்களில் 'தீர்த்துவிட்டாச்சு', 'அத்துவிட்டாச்சு' என்பதெல்லாம் கோர்ட் வருவதற்கு முன்னாலேயே இருந்த பேச்சு. கள்ளர் சமூகத்தில் சாதிக்காரர்கள் முன்னிலையில் கணவன் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் உறவு முடிந்தது என்ற வழக்கத்தை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளே சொல்கின்றன. பல உழைக்கும் சாதிகளில் பஞ்சாயத்து கூடும், செலவுக் கணக்குப் பார்க்கும், தாலியைத் திருப்பித் தரும், பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்வாள். 1955ன் இந்துத் திருமணச் சட்டமும் இந்த வழக்காற்று விவாகரத்தை ஒழிக்கவில்லை. 29ஆம் பிரிவில் அதற்கு இடம் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் காசு வந்ததும், 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்பது வசையாகிப் போனது. மேலே இருப்பவர்களைப் பார்த்து அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டார்கள். தாத்தா காலத்தில் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்தது, பேத்தி காலத்தில் பதினோரு வருசமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

நம்மிடம் இன்னொரு சிக்கல், சொந்தத்துக்குள் கல்யாணம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் இரத்த உறவில் மணம் செய்தவர்கள். நாட்டின் சராசரி 11தான், கேரளத்தில் வெறும் 4. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிய பெண் கோர்ட்டுக்குப் போனால், அது அவள் அம்மாவோ அப்பாவோ தன் உடன்பிறந்தவர் மேலேயே கேஸ் போட்ட மாதிரி. கோவில் கொடையில் யார் முகத்தில் யார் முழிப்பது? அதனால் 'கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்' என்று அழைத்து வருவார்கள். கொஞ்ச நாள் வருசமாகும். இந்தப் பக்கம் பிரிவு அதிகமாகவும் விவாகரத்து குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இது நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்வது. 'கணவனால் கைவிடப்பட்டோர்' என்ற பெயரிலேயே தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. ஓர் அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு அப்படிப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது என்றால் அவர்கள் எண்ணிக்கை சும்மா இருக்குமா?

வெளிநாடுகளுக்கு வேகமாகப் போய்விட்டு வரலாம். எண்ணைச் சட்டம் எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்கு மாலத்தீவு போதும். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10.97 விவாகரத்து என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய நாடு அது. முன்பு கணவன் வாய்வார்த்தையில் சொன்னால் முடிந்தது. அதே ஜோடி மறுபடி கட்டிக்கொள்வதும் சாதாரணம். 2001ல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் விவாகரத்தைக் கோர்ட் வழியாகத் திருப்பிவிட்டது. சீனாவில் 2021 ஜனவரி 1 முதல், விண்ணப்பித்த பின் முப்பது நாள் பொறுக்க வேண்டும் என்று விதி வந்தது. பதிவு அலுவலகத்தில் நடந்த விவாகரத்து 2020ல் சுமார் 37 லட்சம், 2021ல் 21 லட்சம். ஒரே வருசத்தில் சீனத் தம்பதிகள் திடீரென்று ஒற்றுமையாகிவிட்டார்களா என்ன? அயர்லாந்தில் 1995ல் பொதுவாக்கெடுப்பு நடத்தித்தான் விவாகரத்தையே அனுமதித்தார்கள், அதுவும் சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்கு இன்னும் அது சட்டத்தில் இல்லை. அங்கே விவாகரத்து பூஜ்யம் என்பதால் மனக்கசப்பும் பூஜ்யம் என்று யாரும் படம் போடுவதில்லை.

இலங்கையையும் இதில் சேர்க்கலாம். அங்கே 1907ன் பொதுத் திருமணச் சட்டம் மூன்றே காரணங்களை ஏற்று வந்திருக்கிறது: பிறரோடு தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. 'எங்களுக்கு ஒத்துப்போகவில்லை' என்று இருவரும் சேர்ந்து போய் நிற்க முடியாது. ஒருவர் இன்னொருவரைக் குற்றவாளியாக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்கும் இதுதான். அவர்களுடைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை சொத்தைப் பற்றிப் பேசுமே தவிர விவாகரத்துக்கு வழி சொல்லாது. தனிச் சட்டம் உள்ள கண்டிச் சிங்களவருக்குப் பரஸ்பர சம்மதத்துக்கு இடம் உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். 'படிப்பும் நாகரிகமும் வந்தால் விவாகரத்து கூடும்' என்பதும் எல்லா இடத்திலும் சரியில்லை. மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் 1950களில் பாதிக் கல்யாணத்துக்கு மேல் விவாகரத்தில் முடிந்தது. பதினைந்து பதினாறு வயதில் பெற்றோர் கட்டிவைப்பார்கள், ஒத்துவராவிட்டால் பிரித்துவிடுவார்கள், அதில் யாருக்கும் அவமானமில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போய், வயது கூடி, தாங்களே பார்த்துக் கட்ட ஆரம்பித்ததும் அது மளமளவென்று இறங்கியது. ஜப்பானிலும் 1883ல் ஆயிரத்துக்கு 3.4 அளவில் இருந்தது, 1898ன் சிவில் சட்டத்துக்குப் பிறகு சரிந்தது. நாம் நவீன ஜப்பானின் உச்சம் என்று சொல்லும் 2002ல்கூட 2.3தான்.

இந்தியாவில் இப்போது கூடுகிறதா? நகரத்துக் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை நின்றால் கூடுகிறது என்றுதான் சொல்வீர்கள். சேர்ந்து விண்ணப்பிக்கும் பரஸ்பர சம்மத விவாகரத்து இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ல்தான் நுழைந்தது. ஆறு மாதம் காத்திருப்பதைத் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீட்க முடியாமல் உடைந்த கல்யாணத்தைத் தானே நேரடியாகக் கலைக்கலாம் என்று 2023ல் சொன்னது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வக்கீல் ஃபீஸ் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறது. முன்பு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். உடைகிற கல்யாணம் கூடியிருக்கிறதா, உடைந்ததைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது கூடியிருக்கிறதா என்றால், என் ஓட்டு இரண்டாவதற்கு.

2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்து நிற்கிறது. அதுவரை எல்லோரும் 2011ஐத்தான் புரட்டிக்கொண்டிருப்போம். நான் ஓய்வு பெற்றாயிற்று, இந்தத் தடவை படிவம் என் கையில் இருக்காது. போகிற வாத்தியார்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: அந்தக் கேள்வி வரும்போது, உள்ளேயிருந்து பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள், ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வருவதற்குள் திண்ணையில் இருப்பவரிடம் மெதுவாக இன்னொரு தடவை கேளுங்கள்.